பக்கத்து வீட்டு வைஃபை தெரிகிறது, நம் வீட்டு வைஃபை தெரியவில்லை

லேப்டாப் திரையின் மூலையில் இருக்கும் வைஃபை குறியைத் தொட்டால் பட்டியல் விரிகிறது. மாடி வீட்டுக்காரர் பெயர் இருக்கிறது. எதிர்வீட்டுப் பையன் குறும்பாக வைத்த பெயர் இருக்கிறது. தெருமுனை மருந்துக்கடை கூட ஒற்றைக் கோட்டுச் சிக்னலோடு தலைகாட்டுகிறது. நாலடி தள்ளிச் சுவரில் பச்சை விளக்கோடு உட்கார்ந்திருக்கும் நம் சொந்த ரவுட்டரின் பெயர் மட்டும் இல்லை. அதே நேரத்தில் கைப்பேசியில் அந்த ரவுட்டர் வழியாகத்தான் வீடியோ ஓடிக்கொண்டிருக்கிறது.

பழுது பார்க்கும் கடைக்குக் கொண்டுபோனால், "வைஃபை கார்டு போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்ற பதில் தயாராக இருக்கும். விவரம் தெரிந்த உறவினரைக் கேட்டால் டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி போடச் சொல்வார். அதிலும் சரியாகவில்லை என்றால் விண்டோஸையே புதிதாக ஏற்றச் சொல்வார். கார்டு உண்மையில் செத்திருந்தால் மருந்துக்கடையின் பெயர் எப்படித் தெரிந்தது என்று இருவரும் யோசிப்பதில்லை. காரணம் பெரும்பாலும் லேப்டாப்பின் பழுதில் இல்லை. ரவுட்டர் பேசுகிற அலைவரிசையும் லேப்டாப் காது கொடுக்கிற அலைவரிசையும் ஒத்துப்போகாததில் இருக்கிறது. அதனால் ஆராய்ச்சியை ரவுட்டரிடமிருந்து தொடங்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் புகாரைப் பிரித்துக்கொள்ள வேண்டும். "வைஃபை வரலை" என்ற ஒரே வாக்கியத்தில் மூன்று வெவ்வேறு நோய்கள் ஒளிந்திருக்கின்றன. பட்டியலே வராமல் வெறுமையாக இருப்பது ஒன்று. மற்றவர்களுடைய பெயர்கள் வந்து நம்முடையது மட்டும் வராமல் இருப்பது இரண்டாவது. நம் பெயரும் வந்து, அழுத்தினால் இணைய மறுப்பது மூன்றாவது. மூன்றாவதில் கடவுச்சொல், ரவுட்டரில் போட்ட அனுமதிப் பட்டியல், கட்டாத பில் என்று நூறு காரணம் உண்டு. ஆனால் அவற்றில் எதுவுமே பெயரை மறைக்காது. பில் கட்டாவிட்டாலும், கண்ணாடி இழைக் கேபிள் அறுந்தாலும் ரவுட்டர் தன் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கும். பெயரே தெரியாதபோது கடவுச்சொல்லை மாற்றிக்கொண்டிருப்பதில் பயன் இல்லை.

பெயர் எப்படித் தெரிகிறது என்பதைப் பார்த்தால் மீதி தானாக விளங்கும். ரவுட்டர் ஏறக்குறைய ஒவ்வொரு 102.4 மில்லி நொடிக்கும் ஒருமுறை, அதாவது நொடிக்குப் பத்து தடவைக்குக் கொஞ்சம் குறைவாக, ஒரு சிறு செய்தியைத் தண்டோராப் போடுகிறது. இதற்குப் பீக்கன் என்று பெயர். நெட்வொர்க்கின் பெயர், எந்தச் சேனல், என்ன வேகங்கள், என்ன பாதுகாப்பு முறை, சமயத்தில் எந்த நாட்டு விதிகள் என்பது வரை அதில் இருக்கும். லேப்டாப்பின் வைஃபை கார்டு ஒரு நேரத்தில் ஒரு சேனலில் மட்டுமே காதை வைக்க முடியும். ஆகவே அது ஒன்றாம் சேனலில் கொஞ்ச நேரம், இரண்டாவதில் கொஞ்ச நேரம் என்று நகர்ந்துகொண்டே போய், கேட்ட பெயர்களைத் தொகுத்துப் பட்டியலாகக் காட்டுகிறது. சில சேனல்களில் வாய்திறந்து "யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்டுப் பதில் வாங்கவும் அதற்கு அனுமதி உண்டு, சிலவற்றில் கேட்க மட்டுமே அனுமதி. இந்தச் சுற்றில் ஒரு சேனலுக்கு அது போகவே இல்லை என்றால், அங்கே இருக்கிற ரவுட்டர் எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் எவ்வளவு உரக்கக் கத்தினாலும் அதற்குத் தெரியாது. மருந்துக்கடை தெரிந்து சொந்த வீடு தெரியாத மர்மம் இவ்வளவுதான்.

பெயரைப் பற்றி ஒரு சிறு செய்தி. அந்தப் பெயருக்கு விதிப்படி அதிகபட்சம் 32 பைட் இடம்தான். தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் யூனிகோடில் மூன்று பைட் பிடிக்கும். புள்ளியும் துணைக்காலும் கொம்பும் தனித்தனிக் குறிகள். "நம்ம வீடு" என்று வைத்தால் 25 பைட் ஆகிவிடும். பெயர் வைக்கத் தடை ஏதும் இல்லை. ஆனால் பழைய பிரிண்டரும் மலிவான கேமராவும் அதைப் பொருளற்ற குறிகளாகக் காட்டக்கூடும். பெயர் காணோம் என்று தேடுகிறவர், பட்டியலில் கிடக்கும் அந்தக் கிறுக்கலே தம் வீட்டுப் பெயரா என்றும் பார்த்துக்கொள்ளலாம்.

இனி சேனலுக்கு வருவோம். 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 2412 மெகாஹெர்ட்ஸில் தொடங்கும் முதல் சேனலிலிருந்து 2472-இல் இருக்கும் 13-ஆவது வரை ஐந்து ஐந்து மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் சேனல்கள் உள்ளன. 14-ஆவது ஒன்று 2484-இல் தனியாக நிற்கிறது; அது ஜப்பானுக்கு மட்டும், அதுவும் பழைய 802.11பி முறைக்கு மட்டும். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் 13 வரை பயன்படுத்தலாம். இந்தியா 2.4 முதல் 2.4835 கிகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை 2005-இல் உரிமம் தேவையில்லாததாக ஆக்கியது. அமெரிக்காவுக்கு இந்தக் கதை பழையது. உரிமம் இல்லாமல் இந்த அலைகளைப் பயன்படுத்தும் வழியை அங்கே 1985-லேயே திறந்துவிட்டார்கள். ஆனால் அங்கே வழக்கத்தில் இருப்பது 11 வரைதான். 2483.5-க்கு மேலே செயற்கைக்கோள் பேச்சுக்கு ஒதுக்கப்பட்ட, தொந்தரவு செய்யக் கூடாத பகுதி தொடங்குகிறது. 12-உம் 13-உம் அந்த எல்லையை உரசி நிற்பதால் மிகக் குறைந்த சக்தியில்தான் இயக்க முடியும். அந்தத் தொல்லை எதற்கு என்று தயாரிப்பாளர்கள் அமெரிக்கச் சந்தைக்குப் போகும் கருவிகளில் இரண்டையும் அடைத்துவிட்டார்கள்.

இதற்கும் நம்மூருக்கும் என்ன சம்பந்தம்? அமெரிக்காவிலிருந்து மகனோ அண்ணனோ விடுமுறைக்கு வரும்போது வாங்கி வருகிற லேப்டாப்தான் சம்பந்தம். யுஎஸ்பி டாங்கிள், பழைய டேப்லெட், கிண்டில் போன்ற கருவிகள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். அமெரிக்க விதியைச் சிப்பிலேயே எழுதி வைத்திருக்கும் கார்டு 12, 13 பக்கம் எட்டிப் பார்க்காது. நம்மூர் ரவுட்டரோ 13 வரை போகத் தெரிந்தது. இரண்டும் பல மாதம் சிக்கலின்றி ஒத்துப்போகும். பிறகு ஒருநாள் கரண்ட் போய்த் திரும்பும். ரவுட்டர் மறுபடி உயிர்பெறும்போது, 'ஆட்டோ' அமைப்பில் இருப்பதால், சுற்றிலும் நெரிசல் குறைந்த சேனல் எது என்று பார்க்கும். அடுக்குமாடிக் குடியிருப்பில் 1, 6, 11 எல்லாம் நிரம்பி வழியும். காலியாகக் கிடப்பது 13. அங்கே போய் உட்கார்ந்துவிடும். கைப்பேசிகள் நம்மூர்ச் சந்தைக்குச் செய்தவை, ஒன்றும் தெரியாததுபோல் இணைந்துகொள்ளும். அமெரிக்க லேப்டாப்புக்கு மட்டும் வீடு காணாமல் போகும். "நேத்து ராத்திரி வரைக்கும் வந்துச்சு, ஒண்ணுமே பண்ணலை, காலையில காணோம்" என்ற புகாரில் பொய் இல்லை. யாரும் ஒன்றும் பண்ணவில்லைதான். ரவுட்டர்தான் இடம் மாறியது. மறுபடி கரண்ட் போய் வந்தால் அது 6-க்குத் திரும்பலாம். லேப்டாப்பும் தானாகச் "சரியாகிவிடும்". இடையில் யாராவது டிரைவரை மாற்றியிருந்தால் அவருக்குப் பேர் கிடைக்கும்.

இதை உறுதிசெய்வது எளிது. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் வைஃபை சேனல்களைக் காட்டும் இலவசச் செயலிகள் பல உள்ளன. மேக் கணினியில் ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு வைஃபை குறியைச் சொடுக்கினால் இணைந்திருக்கும் சேனல் எண் தெரியும். எண் 12 அல்லது 13 என்றால் விடை கிடைத்துவிட்டது. ரவுட்டரின் பின்புறச் சீட்டில் அச்சிட்டிருக்கும் முகவரியில், பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1, உள்ளே போய் 2.4 கிகாஹெர்ட்ஸ் சேனலை 1, 6, 11 மூன்றில் ஒன்றில் நிறுத்திவிட வேண்டும். வேறு எண்ணை ஏன் சொல்லவில்லை என்றால், ஒரு சேனல் உண்மையில் 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் எடுத்துக்கொள்கிறது. ஐந்து மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் உள்ளவை ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. ஒன்றையொன்று தொடாமல் விலகி நிற்பவை இந்த மூன்றுதான். 3, 4 என்று வைப்பவர் தமக்கும் கெடுதல் செய்து பக்கத்து வீட்டுக்கும் கெடுதல் செய்கிறார்.

சில கார்டுகளில் மாற்றத்தை லேப்டாப் பக்கத்திலேயே செய்யலாம். ராலிங்க் வகைச் சிப் கொண்ட கார்டுகளின் டிரைவரில், டிவைஸ் மேனேஜர் வழியாக மேம்பட்ட அமைப்புகளுக்குப் போனால், நாட்டுப் பகுதி என்றொரு வரி இருக்கும். 1 முதல் 11 என்று இருப்பதை 1 முதல் 13 என்று மாற்றினால் போதும். மற்றப் பல கார்டுகளில் இந்த வசதியைத் தயாரிப்பாளரே பூட்டி வைத்திருக்கிறார். பூட்டை உடைக்கும் குறுக்குவழிகளைப் பரிந்துரைக்க மாட்டேன். ரவுட்டரில் ஒரே ஒரு எண்ணை மாற்றினால் முடிகிற வேலை அது.

இன்னொரு விசித்திரம் உண்டு. 802.11டி என்ற விதி, ரவுட்டர் தன் பீக்கனிலேயே தான் எந்த நாட்டில் இருக்கிறது என்று சொல்ல இடம் கொடுக்கிறது. இன்டெல் கார்டுகள் சிலவும் ஆப்பிள் கணினிகளும் சுற்றுப்புறத்திலிருந்து கேட்ட இந்த நாட்டுக் குறியைக் கொண்டே எந்தச் சேனல்கள் செல்லும் என்று முடிவெடுக்கின்றன. நம் ரவுட்டர் ஒழுங்காக இந்தியா என்று சொல்லும். மாடி வீட்டில் யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து மாட்டிய ரவுட்டர் வேறு நாட்டைச் சொல்லும். இரண்டையும் கேட்கும் கணினி குழம்பும். ஆப்பிளின் வைஃபை சோதனைக் கருவி, நாட்டுக் குறிகள் முரண்படுகின்றன என்று இதைத் தனிக் குறையாகவே எடுத்துக் காட்டுகிறது. அடுத்த வீட்டுக் கருவியால் நம் வீட்டுக் கருவி கெடும் இத்தகைய பழுது வேறு துறைகளில் அரிது.

5 கிகாஹெர்ட்ஸுக்குப் போனால் காரணம் இன்னும் பச்சையானது. பல மலிவு லேப்டாப்களிலும், விரல்நகம் அளவே உள்ள "150 மெகாபிட்" டாங்கிள்களிலும் 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவே கிடையாது. புது இணைப்பு கொடுக்க வந்தவர் ரவுட்டரில் இரண்டு பெயர் போட்டு, வேகம் நன்றாக வரட்டும் என்று 2.4-ஐ அணைத்துவிட்டுப் போயிருந்தால் இந்த டாங்கிளுக்கு அந்த வீட்டில் ரவுட்டரே இல்லை. பெயரின் கடைசியில் 5ஜி என்று ஒட்டியிருப்பதைக் கைப்பேசி நிறுவனத்தின் 5ஜி என்று நினைத்துக் குழம்புகிறவர்களும் உண்டு, இரண்டுக்கும் தொடர்பில்லை. வைஃபையால் இயங்கும் மின்பிளக், பல்பு, ரோபோ துடைப்பான் போன்றவை பெரும்பாலும் 2.4 மட்டும் தெரிந்தவை. "ஸ்மார்ட் பிளக் வீட்டு நெட்வொர்க்கைக் கண்டுபிடிக்கவில்லை" என்ற புகார் பெரும்பாலும் இங்கேதான் வந்து முடிகிறது.

கார்டின் திறமையை அறிய ஊகம் தேவையில்லை. விண்டோஸின் கட்டளைத் திரையில் நெட்ஷ் என்ற கருவியின் வைஃபைப் பிரிவில் டிரைவர் விவரத்தைக் கேட்டால், ஆதரிக்கும் ரேடியோ வகைகள் என்று ஒரு வரி வரும். 802.11-க்குப் பிறகு பி, ஜி, என் என்ற மூன்றெழுத்து மட்டும் இருந்தால் அது 2.4-இல் மட்டும் வாழும் கார்டு. ஏ அல்லது ஏசி இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸும் உண்டு. கடையில் புதிதாக வாங்கும்போது அட்டைப்பெட்டியில் எழுதியிருக்கும் வேக எண்ணைப் பார்ப்பதைவிட இந்த எழுத்துகளைப் பார்ப்பது நல்லது.

5 கிகாஹெர்ட்ஸ் கார்டு இருந்தும் பெயர் தெரியாமல் போவதற்கு ரேடார் ஒரு காரணம். 52 முதல் 144 வரையுள்ள சேனல்கள் வானிலை ரேடார், ராணுவ ரேடார் ஆகியவற்றோடு இடத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. அமெரிக்க, ஐரோப்பிய விதிகளின்படி ரவுட்டர் அங்கே போய்ப் பேசுவதற்கு முன் 60 நொடி அமைதியாகக் கேட்க வேண்டும். ஐரோப்பாவில் வானிலை ரேடார் பகுதியான 120 முதல் 128 வரை என்றால் 10 நிமிடம். ரேடாரின் அடையாளம் கேட்டால் உடனே இடத்தைக் காலிசெய்து அரைமணி நேரம் திரும்பாமல் இருக்க வேண்டும். இந்த விதி வெறும் சடங்கு அல்ல. போர்ட்டோ ரிக்கோவின் சான் உவான் விமான நிலைய வானிலை ரேடாரில் 2009-இல் தொந்தரவு தெரிந்தபோது, விசாரணை 5 கிகாஹெர்ட்ஸில் இயங்கிய வெளிப்புறக் கம்பியில்லாக் கருவிகளிடம் போய் நின்றது. விலை குறைந்த கார்டுகள் பலவும் இந்த நடுச் சேனல்களை ஆதரிப்பதே இல்லை. ரவுட்டர் 100-இல் இருந்தால் அவற்றுக்குத் தெரியாது, 36-க்கு வந்தால் தெரியும். விட்டுவிட்டு வருகிற இந்த நோய்க்கு மருந்து, 5 கிகாஹெர்ட்ஸ் சேனலை 36 முதல் 48-க்குள் நிறுத்திவிடுவது. இந்தியாவில் 2018 அக்டோபரில் வெளியான அறிவிக்கை 5150 முதல் 5875 வரையிலான பரப்பில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸை உரிமமில்லாப் பயன்பாட்டுக்குத் திறந்தது. அதற்கு முன் வந்த ரவுட்டர்களுக்கும் பின் வந்தவற்றுக்கும் சேனல் பட்டியல் ஒன்றாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

அடுத்தது தலைமுறை இடைவெளி. சேனல் சரி, அலைவரிசை சரி, ஆனாலும் பெயர் வராது. 2019, 2020 வாக்கில் வைஃபை 6 ரவுட்டர்கள் வீடுகளுக்கு வரத் தொடங்கியபோது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த பல லேப்டாப்களுக்குப் புது ரவுட்டர் கண்ணில் படவில்லை. அவற்றில் பெரும்பகுதியில் இருந்தவை இன்டெலின் பழைய வைஃபை கார்டுகள். புது ரவுட்டரின் பீக்கனில் 802.11ஏஎக்ஸ் முறைக்கான புதிய பகுதிகள் சேர்ந்திருந்தன. தனக்குப் புரியாத பகுதியைத் தாண்டிப் போயிருக்க வேண்டிய பழைய டிரைவர், பீக்கனையே ஒதுக்கிவிட்டது. இன்டெலே இதை ஒப்புக்கொண்டு, தன் பழைய கார்டுகளுக்குத் திருத்திய டிரைவர்களை வெளியிட்டது. டிரைவரை மாற்று என்ற அறிவுரை உண்மையிலேயே பலிக்கிற இடம் இதுதான். அதிலும் ஒரு சிக்கல்: விண்டோஸ் தானாகத் தேடி "உங்களிடம் இருப்பதே சிறந்த டிரைவர்" என்று சொல்லிவிடும்; லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் பழைய பதிப்போடு நிறுத்தியிருப்பார்கள். கார்டின் மாதிரி எண்ணைக் குறித்துக்கொண்டு சிப் தயாரித்தவரின் தளத்திலிருந்து நேரடியாக எடுக்க வேண்டும். இணைப்பே இல்லாமல் எப்படி இறக்குவது என்றால், கைப்பேசியை யுஎஸ்பி கேபிளில் செருகி டெதரிங் போட்டால் போதும். டிரைவர் கிடைக்கவில்லை என்றால் ரவுட்டரின் 2.4 பகுதியில் மட்டும் ஏஎக்ஸ் முறையை அணைத்துவிடலாம். ஒரு பழைய லேப்டாப்புக்காக வீட்டின் 5 கிகாஹெர்ட்ஸ் வேகத்தைத் தியாகம் செய்ய வேண்டியதில்லை.

6 கிகாஹெர்ட்ஸ் கதை இதன் அடுத்த அத்தியாயம். அமெரிக்கா 2020 ஏப்ரலில் 1200 மெகாஹெர்ட்ஸை ஒரே வீச்சில் திறந்தது. அங்கே இருக்கிற தமிழ்க் குடும்பங்கள் வைஃபை 6ஈ, வைஃபை 7 ரவுட்டர் வாங்கி, 6 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப்பெயர் வைத்தால், விண்டோஸ் 10 ஓடும் கணினியில் அந்தப் பெயர் வராது. கார்டு சரியாக இருந்தாலும் விண்டோஸ் 11 வேண்டும். இதில் திருத்துவதற்கு ஒன்றுமில்லை, மற்ற இரண்டு பெயர்களில் ஒன்றில் இணைந்துகொள்ள வேண்டியதுதான்.

வேண்டுமென்றே மறைத்த பெயர்களும் உண்டு. ரவுட்டரில் பெயரை மறைக்கும் அமைப்பைப் போட்டால் பீக்கன் போய்க்கொண்டேதான் இருக்கும், பெயர் இருக்க வேண்டிய இடம் மட்டும் காலியாக இருக்கும். பாதுகாப்பு என்று நினைத்துச் செய்கிறார்கள். மறைத்த நெட்வொர்க்கில் ஒருமுறை இணைந்த லேப்டாப்பும் கைப்பேசியும், போகிற இடமெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லிக் கூவித் தேட வேண்டிவருகிறது. மறைத்தது வீட்டில், விளம்பரம் ரயில் நிலையத்தில். எந்தப் பயனும் இல்லாத பழக்கம், கைவிடலாம். விண்டோஸ் பக்கத்திலும் ஒரு மறைவிடம் இருக்கிறது: நெட்ஷ் கருவியில் வடிகட்டி போட்டு ஒரு பெயரைப் பட்டியலிலிருந்தே நீக்கிவைக்க முடியும். அலுவலக லேப்டாப்பிலும், பிள்ளைகளின் கணினியைக் கட்டுப்படுத்த முயன்ற வீடுகளிலும் இது கிடக்கலாம். அபூர்வம்தான், ஆனால் எல்லாம் பார்த்தும் விடை கிடைக்காதபோது வடிகட்டிப் பட்டியலைக் கேட்க அரை நிமிடம் ஆகாது.

பட்டியலே வெறுமையாக இருக்கும் முதல்வகைப் புகாரில்தான் லேப்டாப்பின் மேல் சந்தேகம் நியாயமானது. ஏரோபிளேன் மோடு, எஃப்என் விசையோடு சேர்ந்த வைஃபை விசை, பழைய லேப்டாப்பின் பக்கவாட்டில் இருக்கும் நகர்த்துக் குமிழ் ஆகிய மூன்றையும் பார்த்துவிட்டு, விண்டோஸின் டபிள்யூலேன் ஆட்டோகான்ஃபிக் சேவை ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். டிவைஸ் மேனேஜரில் கார்டின் பெயரே இல்லை என்றாலோ, மஞ்சள் முக்கோணத்தோடு 10 அல்லது 43 என்ற எண் வந்தாலோ, ஷட்டவுன் செய்து திறப்பதை நம்பாதீர்கள். விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி, மூடும்போது டிரைவர்களின் நிலையை வட்டில் சேமித்துவைத்து மறுபடி அப்படியே எழுப்புகிறது. குழம்பிய டிரைவர் குழம்பியபடியே எழுந்து வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் முழுதாகப் புதிதாகத் தொடங்கும். மின்சாரம் சேமிக்கக் கார்டை அணைத்துவைக்கும் அனுமதி, அதே டிவைஸ் மேனேஜரில் ஒரு சிறு கட்டத்தில் இருக்கிறது. தூங்கி எழுந்த பிறகு மட்டும் பட்டியல் வெறுமையாகும் லேப்டாப்களில் அந்தக் குறியை எடுத்துவிட வேண்டும்.

டாங்கிள்களில் வேறொரு வேடிக்கை. சில வகைகள் செருகியதும் வைஃபை கருவியாகத் தெரியாமல் சிடி டிரைவாகத் தெரியும். டிரைவரை உள்ளேயே வைத்து அனுப்பும் தந்திரம் அது. டிரைவரை நிறுவிய பிறகு வேஷத்தைக் கலைத்துக்கொண்டு வைஃபையாக மாறும். லினக்ஸில் பலசமயம் மாறாமல் சிடியாகவே உட்கார்ந்திருக்கும், மோடு மாற்றும் கருவியைக் கொண்டு தள்ளிவிட வேண்டும். ராஸ்பெர்ரி பை வைத்து விளையாடுகிறவர்கள் இன்னொன்றை நினைவில் வைக்கலாம்: நாட்டுக் குறியை அமைக்கும்வரை அதன் புதிய மாதிரிகளில் வைஃபை பூட்டியே இருக்கும்.

பருப்பொருளான காரணங்களில் முதலிடம் ஆன்டெனா கம்பிகளுக்கு. லேப்டாப்பின் வைஃபை கார்டு அடியில் இருந்தாலும் ஆன்டெனா திரையின் விளிம்பில் இருக்கிறது. கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு மெல்லிய கம்பிகள் கீல் வழியாகக் கீழே இறங்கி, கடுகளவு பித்தளைப் பொத்தான்களால் கார்டில் கவ்விக்கொண்டிருக்கும். ரேம் போடவோ, விசிறியில் தூசு தட்டவோ, பேட்டரி மாற்றவோ திறந்தபோது அந்தப் பொத்தான் கழன்றிருக்கும். மூடியைப் போட்டதும் வெளியே தெரியாது. அடையாளம் தெளிவானது: ரவுட்டருக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் பெயர் வரும், அடுத்த அறைக்குப் போனதும் போய்விடும், அயல்வீட்டுப் பெயர்கள் எல்லாமே குறைந்திருக்கும். சர்வீஸுக்குக் கொடுத்துத் திரும்பிய லேப்டாப்பில் இது இருந்தால் டிரைவர் பக்கம் போகவே வேண்டாம். கொடுத்த இடத்திலேயே மறுபடி திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

யுஎஸ்பி 3.0 இன்னொரு சத்தமில்லாத எதிரி. அதன் 5 கிகாபிட் வேகத் தரவோட்டத்தின் மின்காந்த இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் விழுகிறது என்பதை இன்டெல் 2012-இல் ஒரு வெள்ளையறிக்கையாகவே வெளியிட்டது. வெளி ஹார்டு டிஸ்க்கும் வைஃபை டாங்கிளும் அடுத்தடுத்த நீலத் துளைகளில் இருந்தால் டாங்கிளின் காதருகே இரைச்சல் போடுவதாகிறது. பலவீனமான பீக்கன்கள் அதில் மூழ்கும். டாங்கிளை எதிர்ப்பக்கத் துளைக்கு மாற்றலாம், அல்லது ஓரடி நீட்டிப்புக் கேபிளில் தள்ளி வைக்கலாம். மேசைக் கணினியின் பின்புறம், தகரப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் டாங்கிளைச் செருகி வைத்திருப்பவர்களுக்கும் அதே கேபிள்தான் மருந்து.

சுவர்களைப் பற்றி எல்லோரும் அறிவர்; கான்கிரீட் தளமும் ஒன்பதங்குலச் செங்கல் சுவரும் 5 கிகாஹெர்ட்ஸை 2.4-ஐவிட அதிகம் தின்னும். ரவுட்டருக்கும் படிப்பு மேசைக்கும் நடுவில் இரும்பு பீரோ இருந்தால் அதை நகர்த்துவதைவிட ரவுட்டரை நகர்த்துவது எளிது. பலரும் கவனிக்காதது ரவுட்டரின் 12 வோல்ட் மின்மாற்றி. வயதாகி வோல்டேஜ் தளர்ந்தால் விளக்குகள் எல்லாம் எரியும், ரேடியோ மட்டும் ஒழுங்காக எழாது. வீட்டில் எந்தக் கருவிக்குமே பெயர் தெரியவில்லை என்றால் இதையும், ரவுட்டரின் பின்னால் உள்ள வைஃபை அணைப்புப் பொத்தானைத் தூசு தட்டும்போது யாராவது அழுத்திவிட்டார்களா என்பதையும் முதலில் பாருங்கள்.

இத்தனை காரணங்களில் நம்முடையது எது என்று பிரிக்க ஒரே ஒரு சோதனை போதும். கைப்பேசியில் ஹாட்ஸ்பாட் போட்டு, அதன் அலைவரிசையை 2.4 என்று அமையுங்கள். ஐஃபோனில் இணக்கத்தை அதிகரிக்கும் அமைப்பு இதையே செய்கிறது. லேப்டாப்பில் அந்தப் பெயர் வந்துவிட்டால் கார்டும் டிரைவரும் ஆன்டெனாவும் உயிரோடு இருக்கின்றன என்று பொருள். லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குப் போங்கள். அங்கே சேனலை 6-க்கும், அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸுக்கும், முறையை பி, ஜி, என் கலவைக்கும், பாதுகாப்பை டபிள்யூபிஏ2-க்கும் இறக்கி, பெயர் மறைப்பை நீக்குங்கள். இந்த அடிமட்ட நிலையிலும் பெயர் வராத கார்டு மிக அபூர்வம். வந்ததும், ஒவ்வொரு அமைப்பாகப் பழைய நிலைக்கு உயர்த்துங்கள். எதை உயர்த்தும்போது பெயர் மறைகிறதோ அதுவே காரணம். ஹாட்ஸ்பாட்டும் தெரியவில்லை என்றால் மட்டும் டிரைவர், கம்பி, கார்டு என்று லேப்டாப்புக்குள் இறங்கலாம். புதுக் கார்டு வாங்குவது இந்தப் பாதையின் கடைசி வீடு. அப்போதும் இரு அலைவரிசை உள்ளதாக வாங்குங்கள், 2.4 மட்டும் உள்ள டாங்கிள் இன்றைக்கு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நஷ்டம்தான்.

இணைப்பு கொடுக்க வீடு வீடாகப் போகிற ஊழியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 2.4 கிகாஹெர்ட்ஸ் சேனலை ஆட்டோவில் விட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள். 1, 6, 11 மூன்றில் ஒன்றில் நிறுத்தி, கடவுச்சொல் எழுதித் தருகிற அதே சீட்டில் சேனல் எண்ணையும் எழுதிக் கொடுங்கள்.